செதுவாலை நிறுத்தத்தில் 11 நிமிடம்: ஒரு காதல் நாவல் நின்றதும் நகர்ந்ததும்

அந்த நாவல் 19ஆம் அத்தியாயத்தில் வந்து நின்றுவிட்டது. 23 நாட்கள் ஒரு வரி நகரவில்லை. எழுதியவருக்கு அது ஏழாவது நாவல். அதற்கு முந்தைய ஆறில் ஒன்றுகூட இப்படிப் பாதியில் படுத்துக்கொண்டதில்லை. வாரத்துக்கு 3 அத்தியாயம் என்று இணையத்தில் தொடராகப் போய்க்கொண்டிருந்த கதை. "எபி எப்போ போடுவீங்க?" என்று வாசகிகள் அடுத்த அத்தியாயத்தைக் கேட்கக் கேட்க அவருக்குக் கை இன்னும் இறுகிப்போனது.

நான் அவருக்கு மெய்ப்புப் பார்ப்பவள். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவருடைய மூன்றாவது நாவலிலிருந்து கூடவே இருக்கிறேன், அதனால் இந்த நாவலின் எல்லாப் பிரதிகளும் என்னிடம் உண்டு. பெயரையும் புனைபெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் எழுதுவது வீட்டில் தெரியும், தெருவில் தெரியாது. காதல் நாவல் எழுதும் பெண்ணைப் பற்றித் தெரு என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நாவல் எப்படி நின்றது, எப்படி நகர்ந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். காதல் கதை என்றால் கண்ணை மூடிக்கொண்டு கற்பனை செய்வது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்த வேலையை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள், அதனால் எழுதியே ஆக வேண்டும்.

அவருடைய ஒரு நாள்

வீடு வேலூர் கொசப்பேட்டையில். கணவர் டூ வீலர் மெக்கானிக், மகள் பத்தாம் வகுப்பு. காலை 4:15க்கு எழுந்தால் 5:45 வரை அவருடைய நேரம். அதற்குப் பிறகு பால், மகளுக்கு டிபன், கணவருக்குச் சாப்பாட்டுக் கேரியர், மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை. 9:30க்கு ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. இரவு எல்லாரும் படுத்த பிறகு மொட்டை மாடியில் நடந்துகொண்டே செல்போனில் பேசிப் பதிவு செய்வார். சித்திரை, வைகாசியில் அதுவும் முடியாது. ராத்திரி பத்து மணிக்கும் மாடித் தளம் காலைச் சுடும். அந்த இரண்டு மாதமும் எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. குழாயில் தண்ணீர் விடும் நாளிலும் எழுத்து கிடையாது. விடிகாலையில் தண்ணீர் வந்துவிட்டால் அந்த ஒன்றரை மணி நேரமும் குடத்துக்கும் டிரம்முக்கும் போய்விடும்.

இத்தனைக்கு நடுவே ஒரு நாளைக்கு 600 சொல், நல்ல நாளில் 800. ஓர் அத்தியாயம் 1,300 சொல் அளவில் வரும். இரண்டு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்ற கணக்கு, அதனால்தான் வாரம் மூன்று. இந்தக் கணக்கில் ஒரு நாள் தவறினாலும் மொத்தமும் சாயும்.

மாமியாருக்குப் படிக்க வராது. ஆனால் காலையில் காபி டம்ளரை வாங்கும்போது, "அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு?" என்று கேட்பார். மருமகள் அடுப்படியில் நின்றபடியே நேற்றைய அத்தியாயத்தைச் சொல்வார். கதை சொல்லும்போது எங்கே தன் குரல் தடுமாறுகிறதோ அந்த இடத்தைத்தான் திரும்ப எழுத வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் முதல் சோதனை. இதைவிட நல்ல சோதனையை நான் எந்த எழுத்தாளரிடமும் கண்டதில்லை.

நின்ற இடம்

அவருடைய முந்தைய நாவல்களில் நாயகன் பெரிய தொழிலதிபர். இந்த வகைக் கதைகளில் வாசகிகள் எதிர்பார்ப்பது அதுதான். ஏழாவதில் அவர் துணிந்து அதை விட்டார். நாயகி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறாள். நாயகன் வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவள் ஊர் விரிஞ்சிபுரம், அவன் ஊர் பள்ளிகொண்டா. 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு அவள் தினமும் ஒரு மாவட்டத்தில் தூங்கி இன்னொரு மாவட்டத்தில் வேலை செய்கிறாள் என்று முதல் அத்தியாயத்திலேயே ஒரு வரி வரும். ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது.

விரிஞ்சிபுரத்துக்கு நெடுஞ்சாலையில் செதுவாலையில் இறங்க வேண்டும். அங்கிருந்து 2 கிலோமீட்டர். அந்த நிறுத்தத்தில்தான் இருவரும் சந்திக்கிறார்கள், தினமும் காலையில். இரவு டூட்டி முடித்துப் பள்ளிகொண்டா திரும்பும் அவன் அங்கே இறங்குவான், கம்பெனி பஸ்ஸுக்கு அவள் காத்திருப்பாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 8ஆம் அத்தியாயத்திலிருந்து 18 வரை அந்த இடத்தில் அவர்கள் பேசும்போதெல்லாம் சண்டையாகவே வந்தது. அவனுக்குத் தூக்கம், அவளுக்கு அவசரம். சண்டை வருகிறதே என்று ஒரு காரணம் கண்டுபிடித்து 17இல் அவளுடைய அத்தை மகனைக் கொண்டு வந்தார். அவன் எதையோ தவறாகச் சொல்ல, 19இல் இருவரும் பிரிய வேண்டும். அந்தப் பிரிவைத்தான் அவரால் எழுத முடியவில்லை.

பத்தாவது நாளோ என்னவோ, போனில் நான் சொன்னேன்: "ரெண்டு பேரும் இன்னும் சேரவே இல்லையேம்மா. எப்படிப் பிரிப்ப?"

"அது தெரியுது டீச்சர். ஏன் சேரல்லன்னுதான் தெரியல" என்றார்.

கடை ஞாயிறு

கார்த்திகைக் கடைசி ஞாயிற்றுக்கு விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில் கூட்டம் அள்ளும். குழந்தை வரம் வேண்டி வந்த பெண்கள் சிம்மக்குளத்தில் முழுகி, ஈரத்தோடு கோயிலிலேயே படுத்திருப்பார்கள். எழுத்தாளருக்கு அதுதான் தாய்வீட்டு ஊர். நானும் கூடப் போயிருந்தேன். கூட்டம் கொஞ்சம் குறைந்த பிறகு அவர் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். 24 வயதிருக்கும், ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. நாவலின் நாயகிக்குத் தொழில் விவரமெல்லாம் கொடுத்தவளே அவள்தான். தொடரையும் விடாமல் படிக்கிறாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? கோச்சுக்கக் கூடாது."

"கேளு."

"அவன் எத்தினி மணிக்கு டூட்டி முடிக்கிறான்?"

"ஏழரைக்கு."

"எங்க கம்பெனி பஸ்ஸ ஏழு பத்துக்கு செதுவாலைல எடுத்துருவாங்க. ஒரு நிமிசம் நிக்காது. அவன் டூட்டி மாத்திக் குடுத்துட்டு, பஸ் புடிச்சி இங்க வந்து எறங்கறப்ப நான் ஆம்பூர்ல கேட்டுல கார்டு தேச்சிக்கினு இருப்பேன். அப்புறம் எப்டிக்கா பாப்பாங்க?"

எழுத்தாளர் பதில் சொல்லவில்லை. 18 அத்தியாயத்தையும் நான் இரண்டு முறை படித்திருக்கிறேன், எனக்கும் தோன்றவில்லை. ல, ள பார்த்த கண்ணுக்கு மணி தெரியவில்லை.

அந்தப் பெண் விடவில்லை. "இன்னோண்ணு. காலைல யாருக்குக்கா பேச வரும்? எனக்கு வாயே தொறக்காது. கண்ணு மூடிக்கினுதான் பஸ் ஏறுவேன். சாயங்காலம்னா சரி. அப்ப எவ்ளோ வேணா பேசலாம்."

அப்புறம் மூவரும் கோயிலுக்குள் போனோம். மதிலழகுக்குப் பெயர் போன கோயில் அது. உள்ளே நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அரைவட்டமாகக் கோடு செதுக்கிய கல், பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழும் கோடுதான் நேரம். அந்தப் பெண் துடைப்பத்திலிருந்து உருவிய ஓர் ஈர்க்கை வைத்துக் காட்டினாள். நாங்கள் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுத்தாளர் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளித் தூணோரம் நின்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். அஞ்சரைக்குக் கம்பெனி விடும், ஒரு மணி நேரம், ஆறே முக்காலுக்குள் செதுவாலை. உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது, கணக்கை அன்று ராத்திரி நோட்டில் பார்த்தேன்.

நோட்டில் போட்ட கட்டம்

நோட்டின் இரண்டு பக்கத்தையும் விரித்துக் கட்டம் போட்டிருந்தார். இடது பக்கம் அவள், வலது பக்கம் அவன். காலை 4 முதல் மறுநாள் காலை 4 வரை, அரை மணிக்கு ஒரு வரி. இருவரும் விழித்திருக்கும், இருவரும் ஒரே சாலையில் இருக்கும் நேரத்தை மட்டும் மஞ்சள் பேனாவால் தீட்டியிருந்தார். ஒரு நாளில் ஒரே ஒரு கோடுதான் மஞ்சளாக இருந்தது. மாலை 6:40.

ஆம்பூரிலிருந்து வரும் கம்பெனி பஸ் அவளைச் செதுவாலையில் இறக்கிவிடுகிறது. இரவு டூட்டிக்கு வேலூர் போகும் அவனுடைய டவுன் பஸ்ஸும் பள்ளிகொண்டாவிலிருந்து அதே திசையில், சாலையின் அதே பக்கத்தில் வருகிறது. 7:30க்கு அவன் வார்டில் இருக்க வேண்டும். இறங்கி, அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் போதும். நடுவில் கிடைப்பது 11 நிமிடம்.

கட்டம் இன்னொன்றையும் கொடுத்தது. இரவு டூட்டி மாறி மாறி வரும். ஒரு வாரம் இரவு என்றால் அடுத்து பகல். பகல் டூட்டி வாரங்களில் அவன் காலையில் போய்விடுவான், அவள் இறங்கும் நேரத்தில் அந்தச் சாலையிலேயே இருக்க மாட்டான். அவருக்குத் தேவைப்பட்ட பிரிவு அங்கேயே இருந்தது. தூது போகவோ கலகம் மூட்டவோ ஆள் தேவையில்லை. வார்டின் சுவரில் ஒட்டிய டூட்டி அட்டவணை போதும்.

இதைப் பார்த்தபோது என் பழைய வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது. "காரும் மாலையும் முல்லை" என்கிறது தொல்காப்பியம். முல்லைக்கு உரிய பொருள் இருத்தல், அதாவது வருவான் என்று ஆற்றியிருப்பது. வைகறையும் விடியலும் மருதத்துக்கு, மருதத்தின் பொருள் ஊடல். 30 ஆண்டு இதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். விடியலில் வைத்த சந்திப்பு ஏன் சண்டையாகவே வந்தது, மாலைக்கு மாற்றியதும் ஏன் தானாகப் பேச்சு வந்தது என்பதை ஷூ கம்பெனிப் பெண் தன் தூக்கத்தை வைத்துச் சொல்லிவிட்டாள். முதலில் பொழுதும் நிலமும், அதன் பிறகு கருப்பொருள், அதற்குப் பிறகே உணர்ச்சி. அவரிடம் இதைச் சொன்னேன். "அப்போ நான் தப்பா ஆரம்பிச்சிருக்கேன் டீச்சர், உணர்ச்சியிலேருந்து" என்றார். இப்போது அவருடைய எல்லா நோட்டிலும் முதல் பக்கம் கட்டம்தான்.

வெட்டியது

8 முதல் 18 வரை திரும்ப எழுத வேண்டியிருந்தது. அத்தை மகன் மொத்தமாகப் போனான். 41 அத்தியாயம் என்று திட்டமிட்டது 34 ஆகியது. இந்த முடிவின் கனம் வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. அமேசானின் சந்தா வாசிப்புத் திட்டமான கிண்டில் அன்லிமிடெடில் வாசகர் படிக்கும் பக்கக் கணக்குக்குத்தான் பணம். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்பது மாதாமாதம் மாறும், அந்தப் பணமும் மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் வரும். 7 அத்தியாயம் குறைத்தால் அத்தனை பக்கம் குறையும். கதையை இழுத்தால் கூடும். இழுக்கச் சொல்லும் கணக்கு ஒன்று தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வெட்டுகிறார் என்றால், அதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

தொடரைப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு 4 வரியில் அறிவித்தார்: நேரக் கணக்கில் தவறு, 8இலிருந்து மாற்றி எழுதுகிறேன், திரும்பப் படிக்க முடிந்தவர்கள் படியுங்கள். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். பலர் திரும்பப் படித்தார்கள்.

ஒரு வரி

மாலை நிறுத்தத்தில் அவனை அவள் முதல் முறை பார்க்கும் வரி மூன்று முறை மாறியது. முதல் பிரதியில், "அவனைக் கண்டதும் அவள் இதயம் படபடத்தது." இது எந்த நாவலிலும் இருக்கும் வரி என்று நான் ஓரத்தில் குறித்தேன். இரண்டாவதில், "அவன் இறங்குவதைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்." அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு, "கம்பெனிக்கு யாருக்கா பொடவ கட்டிக்கினு போறாங்க? சுடிதார், அது மேல ஓவர்கோட்டு" என்றாள். அவள் தன் கையையும் காட்டினாள். ஆள்காட்டி விரலிலும் கட்டை விரலிலும் பசை காய்ந்து தோல் போல ஒட்டியிருந்தது. சோப்பு போட்டாலும் உடனே போகாதாம், பஸ்ஸில் வரும்போது சுரண்டிக்கொண்டே வருவார்களாம்.

மூன்றாவது பிரதியில் இப்படி வந்தது: "அவன் இறங்குவதைப் பார்த்தாள். விரலில் இன்னும் கொஞ்சம் பசை பாக்கியிருந்தது. கையைப் பின்னால் வைத்துக்கொண்டு அதைச் சுரண்டி முடித்தாள்."

அந்தக் காட்சியின் பேச்சு இவ்வளவுதான்:

"உங்க பஸ் வந்துடுச்சி."

"அடுத்ததுல போறேன்."

"அடுத்ததும் வந்துடுச்சி."

பழைய 19ஆம் அத்தியாயத்தில் பிரிவுக்காக ஒரு பக்கம் நிறையக் கண்ணீர் இருந்தது. புதிய 19இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவனுக்கு இரவு டூட்டி, அவளுக்குக் கம்பெனி விடுமுறை. அவள் வரமாட்டாள் என்று தெரிந்தும் செதுவாலையில் இறங்குகிறான். 11 நிமிடம் நிற்கிறான். அடுத்த பஸ்ஸில் ஏறுகிறான். இதை அவர் ஒரே விடிகாலையில், 4:15க்கும் 5:45க்கும் நடுவில் எழுதி முடித்தார். அன்று காபி கொடுக்கும்போது சொல்லக் கேட்ட மாமியார், "பாவம், எறங்கிட்டானா" என்றாராம். குரல் எங்கும் தடுமாறவில்லை.

மெய்ப்பு

என் பங்கைப் பற்றிக் கொஞ்சம். மாடியில் நடந்தபடி பேசிப் பதிவு செய்வதால் பிழைகளும் பேச்சிலிருந்தே வரும். எங்கள் பக்கத்து நாக்குக்கு ழகரம் அவ்வளவு இணங்காது, செல்போனும் அதற்கேற்ப எழுதிக்கொள்ளும். "அவன் விழிகளில்" என்று சொன்னது "அவன் வலிகளில்" என்று பதிவாகியிருந்தது. சொற்பிழை திருத்தும் மென்பொருள் இதைப் பிடிக்காது, இரண்டுமே சரியான சொல். வரியின் பொருளும் கெட்டுவிடவில்லை, அதனால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். இந்த நாவலில் அப்படி 14 இடம். காதல் நாவலில் "விழி" எத்தனை முறை வரும் என்பது தெரிந்தவர்களுக்கு இதன் சிரமம் தெரியும். நான் வாய்விட்டுப் படித்துத்தான் திருத்துகிறேன்.

வல்லினம் மிகும் இடங்களில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. உரையாடலில் மட்டும் கை வைப்பதில்லை. "தேச்சிக்கினு" என்று நாயகி சொன்னால் அது அப்படியேதான் இருக்கும். வட ஆர்க்காட்டுப் பேச்சைத் திருத்தினால் அந்தப் பெண் செதுவாலையில் நிற்க மாட்டாள்.

வெளியே வந்தது

தொடர் முடிந்ததும் 10 நாள் மட்டும் திறந்து வைத்துவிட்டு எடுத்துவிட்டார். மின்னூல் அன்லிமிடெடில் இருக்கும் 90 நாளும் மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது என்பது விதி. இந்தியாவில் 70 விழுக்காடு உரிமத்தொகை வேண்டுமானாலும் அந்தத் திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும், இல்லையென்றால் 35தான். அச்சுப் புத்தகத்துக்கு அந்தத் தடை இல்லை. டெமி அளவில் 240 பக்கம், 16 பக்கத்துக்கு ஒன்றாக 15 பாரம், 100 பிரதி போட்டார். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய முகமையில் அவரே விண்ணப்பித்தார். அதற்குக் கட்டணம் கிடையாது. இதைத் தெரியாமல் இடைத்தரகருக்குப் பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அதற்காகவே சொல்கிறேன்.

சொந்தமாகப் போட்ட புத்தகம் என்றால் யாரும் எடுக்காததால் போட்டது என்று ஓர் எண்ணம் இருக்கிறது. 1912இல் திருப்பத்தூரில் பிறந்து வாலாஜாவுக்குப் பக்கத்து வேலத்தில் வளர்ந்த மு.வ. தன் நூல்களைத் தாயக வெளியீடு என்று தானே கொண்டுவந்தவர். அவர் வளர்ந்த மண்ணில் இதற்குக் கூச்சப்பட என்ன இருக்கிறது?

மின்னூல் வந்த மூன்றாம் நாள் யாரோ பக்கம் பக்கமாகப் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கி இலவசமாகச் சுற்றவிட்டார்கள். ஒரு வாரம் அவருடைய விடிகாலைகள் புகார் எழுதுவதிலேயே போயின. ஓர் இடத்தில் எடுத்தால் இன்னோர் இடத்தில் முளைத்தது. அந்த வாரம் 4,000 சொல் எழுதியிருக்க வேண்டியவர், ஒன்றும் எழுதவில்லை. திருடியவர்கள் எடுத்துக்கொண்டதில் அந்த ஒன்றரை மணி நேரங்களும் சேர்த்தி.

அச்சில் வந்த முதல் பிரதி விரிஞ்சிபுரத்துக்குப் போனது. அந்தப் பெண் அதைக் கம்பெனி பஸ்ஸில் கொண்டுபோனாள். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது அட்டை மடங்கி, ஓரங்களில் பசைக் கறையோடு இருந்தது. பஸ்ஸில் 9 பேர் படித்திருக்கிறார்கள். எழுத்தாளர் அந்தப் பிரதியைத் தானே வைத்துக்கொண்டு அவளுக்குப் புதிதாக ஒன்று கொடுத்தார்.

எட்டாவது நாவலுக்குக் கட்டம் போட்டாகிவிட்டது. நாயகி குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் வீட்டுப் பெண். இடது பக்கத்தில் மதியம் 2 முதல் 4 வரை காலியாக இருக்கிறது. தறிக்கு அந்நேரம் ஓய்வா, அல்லது பாவு மாற்றும் வேலையா என்று அவருக்குத் தெரியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரும் குடியாத்தம் போகிறோம், கேட்டு வர.